இரவல் சித்தப்பா

பலெர்மோ
16 பெப்ரவரி 2025, ஞாயிறு

என் செல்ல மகள் றம்யாவுக்கு,

போனில் கதைத்தால் நான் பகிடி விடுவேன், நீ சிரிப்பாய் அல்லது கோபிப்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கடதாசி. எழுதி முடித்ததும் அம்மா தன் போனில் படம் எடுத்து அனுப்புவா. அனுப்ப முன் வாசிப்பா என்பதையும் மனதில் வைத்துக்கொள். இந்த வீட்டில் தணிக்கைச் சபை இராசாத்திதான்.

உன் கட்டுரை கிடைத்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது என்று மினக்கெட்டுத் தமிழில் மாற்றி அனுப்பியிருக்கிறாய். சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை. பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் இரண்டு தரம் கவிழ்ந்து, மூன்றாம் தரம் பரீட்சை மண்டபத்துக்கே போகாத மனிதனிடம் கேட்கிறாய். சந்தோஷம்.

எனக்கு விளங்கிய அளவில் விஷயம் இது. நியூஜேர்சியில் மலர் சின்னம்மா வீட்டில் இருந்துகொண்டு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டாய். இப்போது அங்கிருந்து அந்தப் பெரிய யுனிவர்சிட்டிக்கு, மூன்றாம் வருடத்துக்கு, மாறப் பார்க்கிறாய். நூறு பேர் கேட்டால் நாலு பேரைத்தான் எடுப்பார்களாம். நல்ல புள்ளி நூறு பேரிடமும் இருக்குமாம். ஆகவே ஆளை எடுப்பதும் விடுவதும் இந்தக் கட்டுரையில்தான். மார்ச் முதலாம் திகதி கடைசி நாள்.

நீ எழுதியிருப்பது என்னைப் பற்றி. சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலில் படகு கவிழ்ந்து, நான் ஒரு கையால் பலகையையும் மற்றக் கையால் என் தம்பி கிரிசாந்தையும் பிடித்திருந்து, அவன் நழுவி, விடியும்போது பலகை மட்டும் மிஞ்சியதைப் பற்றி. அந்தச் சித்தப்பாவுக்காகத்தான் கவிழாத சின்னப் படகுகள் செய்யப் படிக்கிறேன் என்று முடித்திருக்கிறாய். இரண்டு தரம் வாசித்தேன். பொய் சொல்லவில்லை.

ஆனால் பிள்ளை, வேறு ஏதாவது எழுதலாமே? உன் சொந்தக் கதை இருக்கிறதே. இங்கே கப்பல் தொழில் படிப்பிக்கும் கடல் பள்ளிக்கூடத்தில் முழுப் பெடியன்களுக்குள் நீ ஒருத்தி படித்தாய். ஸ்ஃபெர்ராகவால்லோக் கரையில் நீ செய்த முதல் படகை இறக்க, அது ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தலைகீழானது. மீன்காரர் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதை எழுதினால் அவர்களும் சிரிப்பார்கள். சிரிக்க வைத்த பிள்ளையை யார் வேண்டாம் என்பார்கள்?

என்னை விட்டுவிடு. நான் கட்டுரைக்கு ஆகாத ஆள்.

உன் அப்பா
பீலிக்ஸ்


நியூஜேர்சி
23 பெப்ரவரி 2025

அப்பா,

நீங்கள் எழுதினபடியால் நானும் எழுதுகிறேன். இதை டைப் பண்ணத் தமிழ் கீபோர்டோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன்.

உங்களுக்கு வெட்கம். அதுதான் காரணம். எனக்குத் தெரியும். லிபெர்த்தாத் தெருவில் உங்கள் முதலாளி சிஞ்ஞோரா வீட்டில் விளக்குத் துடைக்கிறீர்கள். என் பள்ளி ஆசிரியர் என்ன வேலை என்று கேட்டபோது, "வெளிச்சத்துக்கு நான் பொறுப்பு" என்றீர்கள். அவர் உங்களை எலெக்ட்ரிசிட்டி என்ஜினியர் என்று நினைத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உங்களுக்கு நடந்த பெரிய விஷயத்தையும் இப்படித்தான் பகிடியால் மூடி வைத்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் திகதியும், செத்தவர்கள் நாளில், சித்தப்பாவுக்கு மெழுகுதிரி ஏற்றினோம். மன்னாரில் உங்கள் அக்கா பெரியமாமியோடு போனில் கதைக்கும்போது சித்தப்பாவின் பெயரை எடுக்கக்கூடாது, அழுவா என்றீர்கள். ஒருநாளும் எடுக்கவில்லை. நான் கீழ்ப்படிந்த பிள்ளை. இத்தனை வருடம் நான் பெயர் சொல்லாமல் இருந்த ஒருவரைப் பற்றி ஒரேயொரு பக்கம் எழுதக்கூடாதா?

காலேஜில் எழுத்து வகுப்பு எடுக்கும் ஆசிரியை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தா. ஒரு சொல்லும் மாற்றாதே என்றா.

நான் மாற்றவில்லை. நாளைக்கு அனுப்புகிறேன். உங்கள் நம்பரைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைத்திருக்கிறேன். வொய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டாம். அதில் உங்கள் பகிடியைக் கேட்டால் எனக்குக் கோபம் கூடும்.

றம்யா


பலெர்மோ
2 மார்ச் 2025

றம்யா பிள்ளைக்கு,

அனுப்பிவிட்டாய் என்று அம்மா சொன்னா. சரி. வெட்கம் என்று எழுதியிருந்தாய். வெட்கம்தான். எதற்கு வெட்கம் என்பதில் மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டாய்.

இன்று காலை பெல்லெக்ரீனோ மலை ஏறி, இந்த ஊர்ப் புனிதை சாந்தா றொசாலியாவிடம் போய் வந்தேன். வழக்கம்போல எங்கள் சனம்தான் அரைவாசி. மொரீசியஸ் ராஜென் குடும்பம் தேங்காயோடு வந்திருந்தது. அவர்கள் சைவக்காரர், ஆனால் புனிதைக்கு அந்தப் பேதம் இல்லை. "என்ன பீலிக்ஸ், செருப்பில்லாமல் ஏறுறாய், பெரிய நேத்திக்கடனோ?" என்று ராஜென் கேட்டான். "மகளுக்கு" என்றேன். "அப்ப கட்டாயம் கிடைக்கும்" என்று முதுகில் தட்டினான். எனக்கு அந்தத் தட்டு நல்லாய் நொந்தது.

இன்னொன்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அம்மா குசினியிலிருந்து, "இஞ்சேருங்கோ, எழுதிப்போட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா. எழுதவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அப்பா


நியூஜேர்சி
18 மே 2025

அப்பா! அப்பா! அப்பா!

கிடைத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். படகு வடிவமைப்பு, நான் கேட்ட அதே துறை. சின்னம்மா சத்தம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எங்கள் காலேஜில் இருந்து அங்கே போகிற முதல் ஆள் நான்தானாம்.

அம்மாவோடு கதைத்தேன். நீங்கள் ஏன் போனுக்கு வரவில்லை? கோபமா? எனக்கு இப்போது கோபம் இல்லை. உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன்.

இதையும் கேளுங்கள். புதிய மாணவர்களை அறிமுகப்படுத்தும் பக்கத்தில் என் கட்டுரையை முழுதாகப் போடப் போகிறார்கள். அச்சிலும் வரும், இணையத்திலும் வரும். உங்கள் படம் ஒன்று வேண்டுமாம். நான் யோசித்தேன், முகம் வேண்டாம். உங்கள் இடது கை போதும். படகுக் கயிறு அறுத்து வளைந்துபோன அந்த இரண்டு விரலும் தெரிய வேண்டும். அம்மாவிடம் சொல்லி வெளிச்சத்தில் எடுங்கள். ஜூன் இருபதுக்குள் அனுப்ப வேண்டும்.

உங்களுக்கு நன்றி. சித்தப்பாவுக்கும்.

றம்யா


பலெர்மோ
21 மே 2025

றம்யா,

படம் அனுப்ப முடியாது.

மூன்று நாளாக அம்மா ஒரே கேள்வி: "நீங்கள் எழுதுறியளோ, நான் எழுதட்டோ?" நானே எழுதுகிறேன். அவ எழுதினால் எனக்காக ஏதாவது நல்லதும் எழுதிவிடுவா.

எனக்குத் தம்பி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நானும் மன்னாரில் இருக்கும் அக்காவும்தான். கிளாலியை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்கு நீந்தவும் தெரியாது. மொண்டெல்லோக் கடற்கரையில் இடுப்பளவுக்கு மேல் இறங்காத உன் அப்பா ஒரு இரவு முழுக்க எப்படி மிதந்திருப்பார் என்று, படகுக்குப் படிக்கிற நீ ஒருநாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரி என்று இருந்துவிட்டாய்.

நான் 1996இல் இங்கே வந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கேஸ் வேண்டும், அதாவது ஊரில் உனக்கு என்ன நடந்தது என்ற கதை. அதை எழுதித் தர எங்கள் ஆள் ஒருவர் பல்லாரோச் சந்தைப் பக்கம் இருந்தார். "உனக்கு என்ன நடந்தது?" என்றார். "பயத்தில வந்தனான்" என்றேன். "பயம் எல்லாருக்கும்தானடா. அதைக் கேக்க குவெஸ்தூராப் பொலிஸில ஆர் இருக்கினம்? வேறை ஏதும் இல்லையோ?" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்றேன். உதவாத கேஸ் என்றார். கணிதத்தில் மட்டுமல்ல, அகதியாக இருப்பதிலும் நான் கோட்டைவிட்டேன்.

அப்போது பிரான்காச்சோவில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்தோம். பக்கத்துக் கட்டில் கிறிகோரி. "என்ரயை எடு. எனக்கு அது வேண்டாம்" என்றான். தன் கேஸை, மழைக்கு இரவல் கோட் தருவது மாதிரித் தந்தான்.

ஓம், உன் கிறிகோரி மாமாதான். கிரிசாந் அவனுடைய தம்பி. நவம்பர் இரண்டாம் திகதி தவறாமல் வீட்டுக்கு வந்து, மெழுகுதிரிக்கு முன்னால் நின்றுவிட்டு, கேக்கைத் தொடாமல் போவானே. ஏன் என்று நீ கேட்டபோது சீனி வருத்தம் என்றேன். அவனுக்குச் சீனி வருத்தம் இல்லை.

என் விரல் சிஞ்ஞோரா வீட்டுப் பழைய லிஃப்டின் இரும்புக் கதவில் நசிந்தது. வேலைக்குப் போன மூன்றாம் நாள். கேஸ் எழுதுகிறவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கை, கயிறு அறுத்தது எண்டு போடலாம்" என்றார்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கேஸை இத்தாலிக்காரர் நம்பவில்லை. எத்தனை மணித்தியாலம் தண்ணீரில் இருந்தாய் என்று கேட்டார்கள். முதலில் ஐந்து என்றேன், பிறகு இரண்டு என்றேன். தள்ளிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து கடுதாசி இல்லாத வீட்டு வேலைக்காரருக்குப் பொதுமன்னிப்பு வந்தபோது, சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டு, எல்லாரையும்போல எனக்கும் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கிடைத்தது. ஆகவே என் கடுதாசிகளுக்கு இதனால் பயமில்லை. அந்தக் கதை அரசாங்க அலமாரியில் கிடந்து செத்திருக்க வேண்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்.

உனக்கு ஐந்து வயது. இந்த ஊரில் நவம்பரில் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் அல்லவா? உன் வகுப்பில் ஒருவருக்குத் தாத்தா வைத்தார், ஒருவருக்குப் பாட்டி வைத்தா. பரிசாக வரும் சீனிப் பொம்மை இல்லாமல் வந்தவள் நீ மட்டும். வாசலில் நின்று அழுதாய். "அப்பா, எங்களுக்குச் செத்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்றாய். என் வாயில் கிரிசாந் வந்தான். போய்ப் பொம்மை வாங்கி வந்து, "சித்தப்பா வச்சவர்" என்றேன். நீ சிரித்தாய். பிறகு ஒவ்வொரு வருடமும் கேட்டாய்: அவருக்கு என்ன நிறம் பிடிக்கும், பாடுவாரா, உயரமா. நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் மலை ஏறினேன் என்று எழுதினேன். என்ன கேட்டேன் என்று எழுதவில்லை. உனக்கு அந்த இடம் கிடைக்கக்கூடாது என்று கேட்டேன். கிடைக்காவிட்டால் இதை நான் எழுத வேண்டி வராது. மூன்று ஞாயிறு, வெறுங்காலோடு.

இனி நீ என்ன சொன்னாலும் கேட்பேன்.

அப்பா


நியூஜேர்சி
10 ஜூன் 2025

அப்பா,

மூன்று கடிதம் எழுதி அழித்தேன். இதை அழிக்காமல் அனுப்பப் பார்க்கிறேன்.

சித்தப்பாவுக்கு நீலம் பிடிக்கும் என்றீர்கள். என் முதல் படகுக்கு நீலம் பூசினேன். அவர் உயரம் என்றீர்கள். ஒருவர் உயரமாக இருந்தால் படகில் எங்கே இருக்க வேண்டும் என்றுதான் நான் முதன்முதலில் யோசிக்கத் தொடங்கினேன். பரிசு கேட்டது ஐந்து வயதுப் பிள்ளை, சரி. பதினைந்து வயதில் சொல்லியிருக்கலாம். நான் கடல் பள்ளியில் சேர்ந்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பெப்ரவரியில் கட்டுரையை உங்கள் கையில் தந்துவிட்டுப் பிழை இருக்கா என்று கேட்டேன். நீங்கள் மீன்காரர் கைதட்டின கதையை எழுதச் சொன்னீர்கள்!

அழித்த மூன்று கடிதமும் அந்த வேண்டுதலைப் பற்றித்தான்.

நான் என்ன செய்ய? கட்டுரையைப் போட வேண்டாம், குடும்பம் விரும்பவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒருவரும் கேட்க மாட்டார்கள். இடம் எனக்குத்தான். சின்னம்மா சொல்கிறா, "உன்ர பிழையில்லையடி. வாயை மூடிக்கொண்டு போய்ப் படி." காலையில் எழும்பும்போது அதுதான் சரி என்று இருக்கிறது. மத்தியானம் காலேஜ் கன்டீனில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் உட்கார வேண்டிய இன்னொரு பிள்ளையைப் பற்றி யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் தந்த இடத்தை அவர்கள் திருப்பி வாங்கலாம். அந்த உரிமை அவர்களுக்கு இருக்கிறது. விதிகளை வாசித்துவிட்டேன்.

இரண்டு விஷயம் எனக்கு வேண்டும்.

ஒன்று. கிறிகோரி மாமாவிடம் போங்கள். கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அது அவருடையது. அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்வேன்.

இரண்டு. எனக்கு உண்மையான அப்பப்பா ஒருவர், உங்கள் அப்பா, இருந்தாரே. நீங்கள் பலெர்மோ வந்து எட்டு மாதத்தில் மன்னாரில் செத்தவர். அன்றைக்கு எங்களுக்குச் செத்த ஆக்கள் இல்லையா என்று கேட்டபோது, அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். பொம்மை அவர் வைத்தார் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

பகிடி வேண்டாம்.

றம்யா


பலெர்மோ
17 ஜூன் 2025

றம்யாவுக்கு,

நேற்றுத் திங்கட்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோ போனேன். கிறிகோரி வேலை செய்யும் கடல் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், மத்தியானக் கூட்டம் போன பிறகு, வாளியை வைத்துக்கொண்டு மட்டி உரஞ்சிக்கொண்டிருந்தான். பகிடி வேண்டாம் என்றாய். அவன் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன்; அதில் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.

"என்னடா, வேலை நாளில வந்து நிக்கிறாய்? ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லை. றம்யாவின்ர விஷயம்."

"கலியாணமோ?"

"கட்டுரை."

"அதுக்கு என்னட்டை ஏன் வந்தனி? எனக்குக் கையெழுத்துப் போடவே அரை மணித்தியாலம் வேணும்."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் கட்டுரையைப் பொக்கெற்றிலிருந்து எடுத்து வாசித்தேன். அவன் தலை நிமிரவில்லை, மட்டியை உரஞ்சிக்கொண்டே இருந்தான். தம்பி நழுவினார் என்ற இடம் வந்தது. கையைத் தூக்கினான்.

"நில். அதைத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"நழுவேல்லை" என்றான். "நான் விட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. இருபத்தொன்பது வருடமாகத் தம்பி நழுவினான் என்றுதான் நான் சொல்லி வருகிறேன்.

"பலகை ரண்டு பேரைத் தாங்கேல்லை பீலிக்ஸ். தாண்டு தாண்டு போச்சுது. அவனுக்குப் பதினாறு வயசு. என்னைப் பாத்தவன். நான் விட்டனான்." பிறகு மட்டியை வாளிக்குள் போட்டுவிட்டுச் சொன்னான்: "கேஸ் எழுதினவனுக்கு நழுவினது எண்டுதான் சொன்னனான். விசாரிக்கிறவங்களுக்கு முன்னால போய் இருக்க, எப்பிடி நழுவினது எண்டு கேட்டா நான் என்ன சொல்ல? உனக்கெண்டா பிரச்சினை இல்லை, நீ சும்மா சொல்லலாம். அதுதான் உன்னட்டைத் தந்தனான்."

இரவல் கோட் என்று எழுதினேன் அல்லவா. எனக்கு இரக்கப்பட்டுத் தந்தான் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

உள்ளே சமையல்காரன், "கிரேகோ! கொட்ஸே!" என்று மட்டி கேட்டுக் கத்தினான். "வாறன், வாறன்" என்று கிறிகோரி தமிழிலேயே பதில் சொன்னான். பிறகு என்னிடம்:

"பிள்ளையை அச்சில போட வேண்டாம் எண்டு சொல்லு. அது பிழையான கதை, உன்ர பக்கத்தாலயும் பிழை, என்ர பக்கத்தாலயும் பிழை. அங்கை அவையளுக்குச் சொல்லுறதோ விடுறதோ அவளின்ர விருப்பம். நான் அதில ஒண்டும் சொல்லமாட்டன். சொன்னாளெண்டா என்ர பேர் வேண்டாம். கிரிசாந் எண்ட பேரைச் சொல்லலாம். அவனுக்கு ஆராவது சொல்லத்தானே வேணும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் போனவன் திரும்பி நின்றான். "அவள் செய்யப் போற படகு ரண்டு பேரைத் தாங்குமோ?"

"கேட்டு எழுதுறன்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி நாலு தரிப்புப் போய்விட்டேன்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன். இருந்த துணிவெல்லாம் நேற்று முடிந்துபோனது.

அப்பா


நியூஜேர்சி
6 ஜூலை 2025

அப்பா,

சொல்லிவிட்டேன்.

முதலில் யுனிவர்சிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிறகு கூப்பிட்டார்கள். திரையில் இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். மரியாதையாகத்தான் கேட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உங்கள் தந்தை இதை மறைக்கச் சொன்னாரா என்று கேட்டார்கள். இல்லை, அவர்தான் சொன்னவர், பிந்திச் சொன்னவர் என்றேன். அப்படியானால் நீ ஏன் இன்னும் படகுக்குப் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டா. அதற்கு நான் ஆயத்தமில்லை. கிரிசாந் என்று ஒரு பெடியன் இருந்தான், பலகை இரண்டு பேரைத் தாங்கவில்லை, அவன் யாருடைய தம்பியாக இருந்தாலும் பலகை தாங்கவில்லை என்றேன். என் ஆங்கிலம் அந்த இடத்தில் உடைந்துபோனது. அவ குறிப்பு எழுதினா.

வியாழக்கிழமை முடிவு வந்தது. நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று ஏற்றுக்கொள்கிறார்களாம். என் நேர்மையை மதிக்கிறார்களாம். ஆனால் தெரிவு நடந்தது அந்தக் கட்டுரையின்மேல். ஆகவே இடம் நிற்காது. அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம், இது எனக்கு எதிராக நிற்காது என்று எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பரில் திரும்பக் காலேஜுக்குப் போகிறேன். எடுக்காமல் மிஞ்சின இரண்டு பாடம் இருக்கிறது. என்னோடு படித்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வாழ்த்துச் சொன்னவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டம். ஆசிரியைக்குச் சொன்னேன், அவ கண்ணாடியைக் கழற்றவில்லை. சின்னம்மா, "உண்மை சொல்லி என்னத்தைக் கண்டாய்?" என்று ஒருதரம் கேட்டா, அவ்வளவுதான்.

உங்கள் சாந்தா றொசாலியா மெதுவாக வேலை செய்கிறா. ஆனாலும் செய்து முடித்துவிட்டா.

கிறிகோரி மாமாவுக்குப் பதில்: இரண்டு பேர் இல்லை, ஆறு பேரைத் தாங்கும். கடதாசியில் மட்டும். இன்னும் கட்டவில்லை. கட்டினதும் அவருக்குத்தான் முதலில் சொல்லுவேன் என்று சொல்லுங்கள்.

போனுக்கு இன்னும் வர மாட்டேன். கோபம் தீரவில்லை, தீர்ந்த மாதிரி நடிக்கவும் எனக்கு ஏலாது. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கட்டுரைக்கு இல்லை அப்பா. எனக்கு.

றம்யா


பலெர்மோ
12 ஜூலை 2025

என் மகள் றம்யாவுக்கு,

நீ செப்டம்பரில் திரும்ப அந்தக் காலேஜ் வாசலில் நிற்கப் போகிறாய், என்னால். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டால், நீ ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டி வரும். உன்மேல் இன்னொரு சுமை ஏற்ற விரும்பவில்லை. அதனால் கேட்காமல், நீ கேட்டதைச் சொல்கிறேன். இதை அம்மாவும் இன்றைக்குத்தான் முதல்முதலாக வாசிக்கப் போகிறா.

உன் அப்பப்பாவின் பெயர் சந்தியாப்பிள்ளை. மன்னார்ச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தினார். அவர் பெயரை உனக்குச் சொல்லியிருந்தால், அவர் எப்படி இருந்தார் என்று கேட்டிருப்பாய். கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டிருப்பாய். நீ கேள்வி கேட்காமல் விடுகிற பிள்ளை இல்லை. கிறிகோரியின் தம்பியைப் பற்றி நீ எத்தனை கேட்டாலும் எனக்குச் சொல்ல முடிந்தது. அவனை எனக்குத் தெரியாது, அதனால்.

நான் வெளிநாடு போவதை அவருக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மறிப்பார் என்று நினைத்தேன். உண்மையில் அவர் மறித்தால் நான் நின்றுவிடுவேன் என்றுதான் பயம். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஆமிச் சுற்றிவளைப்பு வரும், பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வீட்டிலும் முன் வீட்டிலும் நடந்தது, எனக்கு நடக்கவில்லை. ஆனால் நான் சாப்பிடவில்லை, நித்திரை கொள்ளவில்லை, தெருவில் வாகனச் சத்தம் கேட்டால் கிணற்றடிக்கு ஓடுவேன். அவ்வளவுதான் என் கேஸ்.

கருவாட்டு லொறி ஒன்றில் ஏற்றினார்கள். மத்தியானம், நல்ல வெயில். ட்றைவர் ஏறும்போதே சொன்னான், "இடையில நிப்பாட்டச் சொல்லக்கூடாது. நிப்பாட்டினா இறக்கி விட்டிட்டுப் போயிடுவன்." மூட்டைகளுக்கு மேல் படுத்துக்கொண்டேன். லொறி சந்தையைத் தாண்டும்போது அப்பா வருவதைக் கண்டேன். அக்கா சொல்லிவிட்டா போலிருக்கிறது. சைக்கிள் கடைக்காரர், ஆனால் அன்றைக்குக் கடையில் பூட்டி முடித்த சைக்கிள் ஒன்றும் இல்லை, எல்லாம் கழற்றிக் கிடந்தது. ஓடித்தான் வந்தார். நான் வீட்டுச் செருப்போடு வெளிக்கிட்டுவிட்டேன். என்னிடம் இருந்த ஒரே சோடிச் சப்பாத்து அவர் கையில் இருந்தது.

"ராசா, சப்பாத்து" என்று கூப்பிட்டார். மறிக்க வரவில்லை. போவது என்றால் சப்பாத்தோடு போ என்று வந்திருக்கிறார்.

கபினில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் லொறி நின்றிருக்கும். நான் தட்டவில்லை. கையும் காட்டவில்லை. கை காட்டினால் அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார், ட்றைவருக்குக் கேட்டுவிடும். பிழையான லொறி என்று நினைத்து அவர் நின்றுவிடட்டும் என்று, மூட்டைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்தேன்.

அவர் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணால் பார்த்தேன். பெரிய சந்தி வரைக்கும் ஓடி வந்துகொண்டிருந்தார், சப்பாத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அப்பா